பங்க் தொட்டி யாருக்கு?

மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவே, கூனிமேடு வழியாகப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஞாயிறு மாலை பெட்ரோல் போட நிறுத்துகிறவர்கள், பங்க்கின் குப்பைத் தொட்டியை ஒரு முறை எட்டிப் பார்க்கட்டும். அடியில் டீ கப்பும் பில் சீட்டும். மேலே முடிச்சுப் போட்ட கறுப்பு கவர்கள்: மிச்ச பிரியாணி, குழந்தையின் டயப்பர், காலி பீர் பாட்டில். தொட்டி வழிந்தால் அடுத்த முறை சிவப்பு மணல் வாளிக்கு. தீப்பிடித்தால் அள்ளி வீச வேண்டிய மணலில் பாக்கு எச்சிலும் சிப்ஸ் கவரும் கிடக்கின்றன.

காசு கொடுத்து பெட்ரோல் போடுகிறவருக்குக் குப்பை போட உரிமை இல்லையா? உண்டு. இலவசக் காற்று, குடிநீர், கழிப்பறை போலத் தொட்டியும் வழிப்போக்கருக்கான வசதிதான். கண்ணாடி துடைத்த காகிதத்துக்கும் குடித்து முடித்த தண்ணீர் பாட்டிலுக்கும் அது போதும். இரண்டு நாள் வீட்டுக் குப்பையை காரில் கொண்டுவந்து இறக்குவது வசதியைப் பயன்படுத்துவது ஆகாது. நம் வேலையை அடுத்தவர் தலையில் கட்டுவது. டயப்பரைத் தனியாகச் சுற்றிக் கொடுக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லின. இங்கே அந்தக் கவரைக் கிளறுவது, காலையிலிருந்து பம்ப் அருகே நின்ற ஊழியரின் வெறும் கை.

அள்ளாமல் விட்டதைக் கடற்காற்று அள்ளும். பக்கத்திலேயே கழுவெளி: 2021இல் பறவைகள் சரணாலயம், 2024இல் ராம்சார் தலம். வடக்கே மரக்காணத்து உப்பளப் பாத்திகள். நாம் சாப்பிடும் உப்பில் நுண்பிளாஸ்டிக் இருப்பதை மும்பை ஐ.ஐ.டி. ஆய்வு 2018இலேயே காட்டிவிட்டது. உப்பு விளையும் கரையில் பிளாஸ்டிக்கைப் பறக்கவிடுவது நம் உலையில் நாமே மண்ணைப் போடுவது.

தொல்லை தாங்காமல் தொட்டியையே எடுத்துவிடலாம் என்று பங்க்காரர்களுக்குத் தோன்றலாம். அது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை. தொட்டி போனால் குப்பை போகாது. சாலையோரத்துக்கு இடம் மாறும். தொட்டி இருக்கட்டும், அதன் வாயைக் குறுக்குங்கள். பாட்டிலும் கப்பும் நுழையும், மூட்டை நுழையாது. மக்கும் குப்பைக்கு ஒன்று, மக்காததற்கு ஒன்று என இரண்டு வையுங்கள். ஊழியருக்குக் கையுறை கொடுங்கள். இந்தச் செலவை எண்ணெய் நிறுவனங்களும் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

ஊராட்சிக்கும் பங்கு உண்டு. தூய்மைக் காவலரின் வண்டி தெருவுக்கு வராத நாளில்தான் உள்ளூர்க் குப்பையும் பங்க்கைத் தேடி வருகிறது. வாரக் கடைசியில் வாடகைக்கு விடப்படும் கடற்கரை வீடுகளிடம் கட்டணம் வாங்கி, திங்கள் காலையிலேயே குப்பையை எடுக்கட்டும். பாட்டிலுக்கு வழி ஏற்கெனவே இருக்கிறது: 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டில் வந்தால் திருப்பித் தரும் டாஸ்மாக் திட்டம் 2022இல் நீலகிரியில் தொடங்கியது. விலை இருக்கும் பொருளை யாரும் எளிதில் வீசுவதில்லை.

இவையெல்லாம் நடக்க நாளாகலாம். வாடிக்கையாளர் செய்ய வேண்டியதற்கு எந்த உத்தரவும் தேவையில்லை. வரும்போது பிரியாணி டப்பாவுக்கு இடம் கொடுத்த டிக்கி, திரும்பும்போது காலி டப்பாவுக்கும் இடம் கொடுக்கும்.