யார் விட்டுக் கொடுப்பது?

நட்பு என்றால் விட்டுக் கொடுப்பது. குழந்தைகளுக்கான படக் கதைகள் திரும்பத் திரும்ப இதைத்தான் சொல்கின்றன. இரண்டு பிள்ளைகள், ஒரு பந்து. சண்டை வருகிறது. ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக் கொடுத்து, கடைசிப் பக்கத்தில் தோள்மேல் கை போட்டுக்கொள்கிறார்கள். படத்தில் இரண்டு வீடும் ஒரே தெருவில் இருக்கும். ஊரும் கிடையாது, சேரியும் கிடையாது. இந்தக் கதையை மரக்காணம் உப்பளத்துப் பிள்ளைகளுக்குப் படித்துக்காட்டு என்றால் நான் கேட்பேன்: யாரு யாருக்கு விட்டுக் கொடுக்கறது?

விட்டுக் கொடுக்க முதலில் கையில் ஏதாவது இருக்க வேண்டும். அளம் நம்மளது இல்லை. பாத்தியில் பலகை இழுத்து உப்பு வாருகிற கூலி மட்டும்தான் நம்மளது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அதுவும் நின்றுபோகும். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று பழமொழி சொல்கிற நாட்டில் உப்பு வாரினவரை எவன் நினைக்கிறான்?

ஊர்ப் பிள்ளையோடு சண்டை என்று அழுதுகொண்டு போனால், "வுட்டுக் குடுத்துட்டு வாடா, நமக்கு எதுக்கு வம்பு" என்றுதான் எங்கம்மா சொல்லும். தப்பு யார்மேல் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அது புத்திமதி இல்லை, பயம். 2013 ஏப்ரல் 25 அன்று, மாமல்லபுரம் சித்திரை முழுநிலவு விழாவுக்குப் போன கூட்டத்தையொட்டி வெடித்த கலவரத்தில், இதே மரக்காணத்தில் தலித் வீடுகள் எரிந்தன. அந்தப் பயத்துக்குக் காரணம் கேட்பவர்களுக்கு இது போதும்.

பெரியவர்கள் உலகத்திலும் இதே படக் கதைதான். 1932-இல் நமக்குத் தனித் தொகுதியும் இரட்டை வாக்கும் அறிவிக்கப்பட்டன. எரவாடா சிறையில் காந்தி சாகும்வரை உண்ணாவிரதம் உட்கார்ந்தார். செப்டம்பர் 24-இல் பாபாசாகேப் பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டியதாயிற்று. 148 இடங்கள் வந்தன, உண்மைதான். நம் ஆளை நாமே தேர்ந்தெடுக்கிற உரிமை போயிற்று. கழுத்தில் கத்தி இருக்கும்போது இறங்கி வருவதற்குச் சமரசம் என்று பெயரா?

நம்ம விழுப்புரம் மாவட்டத்து மேல்பாதிக்கு வாருங்கள். 2023 ஏப்ரலில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் போன தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டார்கள். அப்புறம் அமைதிப் பேச்சுவார்த்தை, மேலும் பேச்சுவார்த்தை. ஜூனில் கோயிலுக்கே சீல். அடித்தவனுக்கும் அடி வாங்கினவனுக்கும் ஒரே பூட்டு! 2025 ஏப்ரலில் நீதிமன்ற உத்தரவோடும் போலீஸ் பாதுகாப்போடும்தான் நம் சனம் உள்ளே போக முடிந்தது.

பள்ளிக்கூடம் மட்டும் என்ன? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை, கூடப் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024-இல் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் கைக்கயிறுகள் பள்ளியில் கூடாது என்று அதில் எழுத வேண்டியிருந்தது. எந்தப் படக் கதையிலாவது பிள்ளைகளின் கையில் அந்தக் கயிற்றைப் பார்த்திருக்கிறீர்களா?

அப்போ நட்பே வேண்டாம் என்கிறாயா என்பார்கள். வேண்டும். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் மூன்றையும் தனித்தனியே பிரிக்க முடியாது என்று 1949 நவம்பர் 25-இல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் பேசினார். படக் கதைக்காரர்கள் சமத்துவத்தைக் கிழித்து எறிந்துவிட்டு, சகோதரத்துவத்துக்கு மட்டும் வண்ணம் அடிக்கிறார்கள்.

வேறு மாதிரியும் வரைய முடியும். நவயானா 2011-இல் வெளியிட்ட பீமாயணத்தில், பர்தான் கோண்ட் ஓவியர்கள் துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும், பள்ளியில் தண்ணீர் மறுக்கப்பட்ட சிறுவன் பீமனை வரைந்தார்கள். குழந்தைகள் பயந்துவிடும் என்று சொல்லாதீர்கள். நம் குழந்தைகள் அதில்தான் வாழ்கின்றன.

2021 அக்டோபர் 27-இல் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கப்பட்டது மரக்காணம் பக்கத்து முதலியார்குப்பத்தில்தான். கல்வி நம் வீட்டைத் தேடி வந்தது. நம் வீடு இன்னும் புத்தகத்துக்குள் போகவில்லை. தோழர்களே, எழுதுங்கள், வரையுங்கள். அந்தப் புத்தகத்தில் ஊர்ப் பிள்ளை அளத்துப் பிள்ளையின் வீட்டுக்கு வரட்டும், அந்த வீட்டுச் சொம்பில் தண்ணீர் வாங்கிக் குடிக்கட்டும். இந்தத் தடவை அவன் விட்டுக் கொடுக்கட்டும், தன் சாதியை.