நாய்க்கு நேரம் இருக்கிறது, எஜமானுக்கு இருக்கிறதா?

"நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை" என்பது பழமொழி.

அது தெருவில் திரியும் நாயைப் பார்த்துச் சொன்னது. மூன்றாவது மாடி பிளாட்டில் அடைபட்டுக் கிடக்கும் நாய்க்கு அது பொருந்தாது. அதற்கு வேலைதான் இல்லையே தவிர, நேரம் மலைபோல் கிடக்கிறது!

புருஷன் ஆபீசுக்குப் போகிறார். மனைவியும் வேலைக்குப் போகிறார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். வெளியே பூட்டு தொங்குகிறது. உள்ளே நாய் இருக்கிறது.

இப்படிப்பட்ட வீட்டில் நாய் வளர்க்கலாமா, கூடாதா?

சென்னையில் பல வீடுகளில் நடக்கும் பட்டிமன்றம் இதுதான். "வாங்கியே ஆகணும்" என்று பிள்ளைகள் ஒரு கட்சி. "வந்தால் நான்தானே அள்ளணும்?" என்று அம்மா எதிர்க்கட்சி. நடுவர் அப்பா. தீர்ப்புச் சொல்லத் தெரியாமல் பேப்பரால் முகத்தை மூடிக்கொள்கிறார்.

தீர்ப்புக்கு முன்னால் கொஞ்சம் கணக்குப் பார்ப்பது நல்லது.

11½ மணி நேரம்!

தாம்பரத்தில் குடியிருந்துகொண்டு பாரிமுனையில் வேலை பார்க்கும் ஒரு குமாஸ்தாவை எடுத்துக்கொள்ளலாம். காலை 8 மணிக்கு வீட்டைப் பூட்டுகிறார். மின்சார ரெயிலைப் பிடித்து, கோட்டையில் இறங்கி, 9½ மணிக்கு நாற்காலியில் உட்காருகிறார். சாயந்தரம் 6 மணிக்குக் கிளம்பினால், கூட்டத்தில் நசுங்கி, வழியில் காய்கறி வாங்கிக்கொண்டு, வீடு வந்து சேர 7½ மணி.

ஆக, 11½ மணி நேரம் நாய் தனியாக இருக்கிறது. வாரத்துக்கு 6 நாள் என்றால் 69 மணி நேரம்!

வளர்ந்த நாய் ஒரு நாளில் பாதி நேரம் தூங்கிவிடும். அதனால் நாலைந்து மணி நேரம் தனியாக இருப்பது அதற்குப் பெரிய கஷ்டம் இல்லை. ஆனால் சிறுநீரை அடக்குவதற்கு ஓர் அளவு உண்டு. வளர்ந்த நாய் 6 முதல் 8 மணி நேரம் வரை தாங்கும். அதற்கு மேல் அடக்கு என்றால் அது வதைதான்.

குட்டியின் கதை இன்னும் மோசம். 2 மாதக் குட்டி 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை போகும். அதற்கு நாளைக்கு நாலு வேளை சாப்பாடு வேண்டும். தடுப்பூசிக்கு 3, 4 வாரத்துக்கு ஒரு முறை தூக்கிக்கொண்டு ஓடணும்.

"குட்டியாக வாங்கி வளர்த்தால்தான் பழகும்" என்று ஒரு பேச்சு உண்டு. வீட்டில் ஆள் இருப்பவர்களுக்கு அது சரி. வீட்டைப் பூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு அது சரிப்படாது.

கதவுக்குப் பின்னால்

தனியாக விட்ட நாய் என்ன செய்யும்?

குரைக்கும். ஊளையிடும். கதவைப் பிறாண்டும். செருப்பைக் கடித்துத் துப்பும். தலையணையைக் கிழித்துப் பஞ்சைப் பறக்கவிடும்.

சாயந்தரம் வருகிறவர் அதைப் பார்த்து, "திமிரைப் பாரு!" என்று ரெண்டு வைக்கிறார். அது திமிர் இல்லை; தவிப்பு. நாய் கூட்டத்தோடு வாழப் பிறந்த பிராணி. காலையில் கடித்த செருப்புக்காகத்தான் சாயந்தரம் அடி விழுகிறது என்று அதற்குப் புரியாது. எஜமான் வந்தால் அடி விழும் என்பது மட்டும் புரியும்.

பக்கத்து வீட்டுக்காரர் பாடும் இருக்கிறது. ராத்திரி ஷிப்ட் பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர், நாள் முழுக்க ஊளைச் சத்தம் கேட்டால் சும்மா இருப்பாரா? அடுக்குமாடி சங்கங்கள் நாய் வளர்க்கத் தடை போட முடியாது என்று இந்தியப் பிராணிகள் நல வாரியம் 2015-இல் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டிருக்கிறது. வாஸ்தவம்தான். ஆனால் வாரியம் வந்து பக்கத்து வீட்டுக்காரரின் தூக்கத்தைத் திருப்பித் தராது. வாடகை வீட்டில் இருப்பவர் அடுத்த வீடு தேடும்போது, "நாய் இருக்கா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லியும் ஆகணும்.

வெயிலை மறக்கக் கூடாது. மனிதனைப்போல உடம்பு முழுக்க வேர்த்து நாய் சூட்டைத் தணித்துக்கொள்ளாது. நாக்கைத் தொங்கப் போட்டு இரைத்துத்தான் தணிக்கும். சித்திரை வெயிலில், மொட்டை மாடிக்குக் கீழ் வீட்டில், ஜன்னலைச் சாத்திவிட்டுப் போனால் நாயின் கதி என்ன?

அதிலும் சிலர் பனிப் பிரதேசத்து ஹஸ்கி நாயை வாங்கி வருகிறார்கள். 2003-இல் ஒரு செல்போன் விளம்பரத்தில் பக் நாய் பையன் பின்னாலேயே ஓடியது. ஊரெல்லாம் பக் பைத்தியம் பிடித்தது. மூக்கு சப்பையான அந்த ஜாதிக்கு வெயிலில் மூச்சு வாங்கும் என்பதை விளம்பரம் சொல்லவில்லை!

சரி, நம் ஊர் நாய் என்றால்? ராஜபாளையம் நாய்க்கு மத்திய அரசு 2005-இல் தபால் தலையே வெளியிட்டது. சிப்பிப்பாறையும் பேர்போன ஜாதி. வெயில் இவற்றுக்குப் புதிது அல்ல. ஆனால் இரண்டும் வேட்டைக்கு ஓடிய ஜாதி. ஒற்றைப் படுக்கையறை பிளாட்டில் எங்கே ஓடும்?

பாட்டி தலையில்

"எங்க வீட்டில் அம்மா இருக்காங்க, பார்த்துக்குவாங்க" என்று பலர் சொல்கிறார்கள்.

அம்மாவைக் கேட்டார்களா?

லாப்ரடார் நாய் வளர்ந்தால் 30 கிலோ. எதிரில் பூனை வந்தால் ஒரே இழுப்பு. சங்கிலியின் மறுமுனையில் 70 வயது மூதாட்டி. விழுந்தால் இடுப்பு எலும்பு. பிறகு ஆஸ்பத்திரி, ஆபரேஷன், படுக்கை. மகனின் ஆசைக்கு அம்மா இடுப்பா விலை?

வீட்டு வேலைக்கு வரும் பெண்ணிடம், "அப்படியே நாயையும் கொஞ்சம் பார்த்துக்கம்மா" என்பதும் நியாயம் அல்ல. அது தனி வேலை. தனிச் சம்பளம் பேசித்தான் கொடுக்கணும். அவருக்கு நாய் என்றால் பயம் என்றால், அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது.

சட்டம் சொல்வது

1960-ஆம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. எப்போதும் சங்கிலியில் கட்டி வைத்திருக்கும் நாயை, அல்லது அடைத்து வைத்திருக்கும் நாயை, நியாயமான அளவுக்கு நடமாட விடாமல் இருப்பது குற்றம்! அடிப்பது மட்டும்தான் வதை என்று சட்டம் நினைக்கவில்லை. போதிய சோறு, தண்ணீர் கொடுக்காததும் குற்றம். காரணமில்லாமல் பசியிலோ தாகத்திலோ தவிக்கும்படி நாயைக் கைவிடுவதும் குற்றம்.

முதல் தடவைக்கு அந்தச் சட்டம் வைத்த அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. இன்றைய விலைவாசியில் டீயும் பன்னும் சாப்பிடுகிற காசு. அதனால்தான் யாரும் பயப்படுவது இல்லை.

மாநகராட்சி அப்படி விடவில்லை. 2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் 2 ராட்வைலர் நாய்கள் 5 வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. நகரமே பதறியது. வளர்ப்பு நாய்க்கு மைக்ரோசிப் பொருத்தி உரிமம் எடுத்தே ஆகவேண்டும், எடுக்காவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று 2025-இல் சென்னை மாநகராட்சி அறிவித்தது. உரிமக் கட்டணம் 50 ரூபாய்தான். ஆனால் வெறிநாய்க்கடி தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். வருடா வருடம் ஊசி, வருடா வருடம் உரிமம்.

இதெல்லாம் யார் செய்வது? லீவு போட்டு நாய்க்குச் சொந்தக்காரர்தான் செய்யணும். உண்ணிக் காய்ச்சல் வந்தால் வேப்பேரி மாட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவதும் அவர்தான். ஊரில் கல்யாணம் என்றால் நாயை எங்கே விடுவது என்று அலைவதும் அவர்தான்.

தெருவுக்கு வந்த நாய்கள்

2020-இல் கொரோனா ஊரடங்கு வந்தது. வீட்டில் இருந்தபடியே வேலை பார்த்தவர்கள் பலர் நாய் வாங்கினார்கள். பொழுது போனது. பிறகு ஆபீஸ் கூப்பிட்டது. வீடு காலியானது. நாய் சுமையானது. சிலர் சொந்தக்காரர் தலையில் கட்டினார்கள். சிலர் தூர ஏரியாவுக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்தார்கள்.

வீட்டுச் சோறு தின்ற நாய்க்குத் தெருவில் பிழைக்கத் தெரியாது. பஸ்ஸுக்கு ஒதுங்கத் தெரியாது. தெரு நாய்கள் சேர்த்துக்கொள்ளாது. இறக்கிவிட்ட இடத்திலேயே நின்று, வருகிற வண்டியை எல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும்.

வாங்குவதா, வேண்டாமா என்று முன்கூட்டியே யோசிக்கச் சொல்வது இதற்காகத்தான். நாயின் ஆயுசு 10 வருஷத்துக்கு மேல். இன்றைக்கு ஐந்தாம் வகுப்பில் அடம்பிடிக்கும் பையன் காலேஜ் முடிக்கிறவரைக்கும் நாய் இருக்கும். பையனின் ஆசை அதுவரை இருக்குமா?

அப்படியானால் கூடவே கூடாதா?

அப்படி இல்லை. வேலைக்குப் போகிறவர் நாயே வளர்க்கக் கூடாது என்றால் ஊரில் பாதிப் பேர் வளர்க்க முடியாது. ஏற்பாடு இருந்தால் தாராளமாக வளர்க்கலாம்.

மூன்று கேள்விக்குப் பதில் வேண்டும்.

ஒன்று: மத்தியானம் யார்? நடுப்பகலில் ஒரு தடவையாவது கதவைத் திறந்து, தண்ணீர் மாற்றி, கீழே கூட்டிப்போய் வர ஆள் வேண்டும். புருஷன் பகல் ஷிப்ட், மனைவி மத்தியான ஷிப்ட் என்றால் நல்லதாகப் போயிற்று. இல்லாவிட்டால் சம்பளத்துக்கு ஆள் வைக்கணும். ஆளின் பெயர் தெரிந்திருக்கணும். "பார்த்துக்கலாம்" என்பது பதில் அல்ல.

இரண்டு: காலையில் யார்? மழையோ பனியோ, தினமும் அரை மணி நேரமாவது நடத்திக் கூட்டிப் போகணும். நாய் வெளிக்குப் போனால் அள்ளிப் போடுவதும் அதில் சேர்த்தி. அடுத்தவர் வாசலில் விட்டுவிட்டு ஆகாயத்தைப் பார்ப்பது அழகல்ல.

மூன்று: பணம் யார்? சோறு, ஊசி, டாக்டர் எல்லாம் மாதச் செலவில் ஏறும். இனாமாக வந்த நாய்க்கும் செலவு இனாம் கிடையாது.

மூன்றுக்கும் பதில் இருந்தால் குட்டியைத் தேடாமல் 2, 3 வயது வளர்ந்த நாயைத் தேடுவது புத்திசாலித்தனம். குணம் தெரிந்திருக்கும், அடக்கிக்கொள்ளவும் தெரியும். வேளச்சேரி ப்ளூ கிராஸ் போன்ற இடங்களில் வீடு கிடைக்காதா என்று நாய்கள் காத்துக் கிடக்கின்றன. தெரு நாயையும் மாநகராட்சியிடம் விண்ணப்பித்துத் தத்து எடுக்கலாம். ஆனால் அது மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது எடுத்தவர் பொறுப்பு என்று சுப்ரீம் கோர்ட்டு 2025 ஆகஸ்டில் சொல்லியிருக்கிறது.

கடைக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. நாயைக் கடைக்கே கூட்டிப் போகலாம். கல்லாப்பெட்டிக்குக் கீழே அது பாட்டுக்குப் படுத்திருக்கும். ஓட்டல், பலகாரக் கடைக்கு அது ஆகாது. மற்றக் கடைகளிலும் சங்கிலி வேண்டும். நாய்க்குப் பயந்து வாடிக்கை போனால் வியாபாரம் போச்சு!

30 நாள் ஒத்திகை

இன்னும் சந்தேகமா? நாயை வாங்குவதற்கு முன் ஒத்திகை பார்க்கலாம். செலவு இல்லை.

30 நாள், காலை 5½ மணிக்கு எழுந்து, கையில் வெறும் சங்கிலியோடு அரை மணி நேரம் தெருவைச் சுற்றட்டும். ராத்திரி சாப்பிட்டபின் இன்னொரு சுற்று. மத்தியானம் 1 மணிக்கு யாராவது வீட்டைத் திறந்து பார்த்துவிட்டுப் போக ஏற்பாடு செய்யட்டும். நாய்ச் செலவுக்கு என்று மாதம் ஒரு தொகையை உண்டியலில் போடட்டும். அடம்பிடிக்கும் பிள்ளையும் கூடவே எழுந்து வரட்டும்.

30 நாளும் தவறாமல் நடந்தால், அந்த வீட்டுக்கு நாய் வரலாம். பிள்ளை மூன்றாம் நாளும், அப்பா பத்தாம் நாளும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டால், பட்டிமன்றத்துக்குத் தீர்ப்புக் கிடைத்துவிட்டது.

"இப்போது வேண்டாம்" என்று பிள்ளையிடம் சொன்னால் பிள்ளை ஒரு நாள் அழும்; மறுநாள் சரியாகிவிடும். தெருவில் இறக்கிவிட்ட நாய்க்கு அப்படிச் சரியாகாது.