கைந்நாட்டு ஒப்புதலாகுமா?

வறியவரின் உடல் ஆள்வாரற்ற புறம்போக்கு நிலமன்று. மருத்துவ ஆய்வு மாந்தர்க்குத் தேவையே. ஆயினும், ஆய்வுக்கு உட்படுவோர் அறிந்து, தெளிந்து, அச்சமின்றி இசைந்தாலன்றி அஃது அறமாகாது.

2009-ஆம் ஆண்டில், அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குசராத்தின் வடோதரா மாவட்டத்திலும் 10 முதல் 14 அகவை வரையுள்ள சிறுமியர்க்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி இடப்பட்டது. அமெரிக்காவின் 'பாத்' என்னும் அமைப்பு நடத்திய அம்முயற்சிக்குச் 'செயல்விளக்கத் திட்டம்' என்று பெயர். கம்மத்தில் மட்டும் ஏறத்தாழ 14,000 சிறுமியர் அதற்கு உட்பட்டனர். பழங்குடிச் சிறுமியரும், அரசு விடுதிகளில் தங்கிப் பயின்றோரும் அவருள் பலர். 7 சிறுமியர் இறந்த செய்தி வெளிவந்தபின், 2010 ஏப்பிரலில் திட்டம் நிறுத்தப்பட்டது.

அவ்விறப்புகளுக்குத் தடுப்பூசி கரணியமாகத் தோன்றவில்லை என்றே உசாவல் குழு கூறிற்று. ஆதலின், ஊசியின்மேல் பழியில்லை. ஒப்புதல் பெற்ற முறையின்மேலேயே பழி. ஆந்திரத்தில் பார்வையிடப்பெற்ற 9,543 ஒப்புதற் படிவங்களுள் 1,948 படிவங்களில் கைந்நாட்டே இருந்தது. 2,763 படிவங்களில் விடுதிக் காப்பாளர் கையொப்பமிட்டிருந்தனர். பெற்றவள் ஊரில் இருக்க, விடுதி காப்பவர் அவள் மகளின் கையை ஊசிக்கு நீட்டலாமா? அது மருந்தாய்வே என்றும், சிறுமியரின் உரிமை மீறப்பட்டது என்றும் நாடாளுமன்ற நிலைக்குழு 2013-இல் கடிந்துரைத்தது.

உட்படுவோர்க்கு விளங்கும் எளிய மொழியிலேயே செய்தி சொல்லப்படல் வேண்டும்; படிக்கவியலாதார்க்குச் சார்பற்ற சான்றாளர் உடனிருத்தல் வேண்டும் என்கின்றன 2019-ஆம் ஆண்டின் மருந்தாய்வு ஒழுங்குமுறைகள். நன்று! ஆனால், விளங்கும் மொழி எது? கோயமொழி பேசும் தாய்க்கு அம்மொழி, இருளர்க்கு இருளமொழி, தமிழர்க்குத் தமிழ். ஆங்கிலச் சொற்களைத் தமிழெழுத்தில் அடுக்கிய படிவம் தமிழ்ப் படிவமாகாது. அதன் அடியில் இடப்படும் கையொப்பம் ஒப்புதலும் ஆகாது.

எனவே, செய்தியை வாய்மொழியாகவும் எடுத்துரைத்தல் வேண்டும். கேட்டவர் தம் சொற்களால் அதனைத் திருப்பிச் சொல்லும்வரை படிவத்தை நீட்டலாகாது. மறுத்தவர்க்கு மருத்துவமோ, விடுதியோ, சோறோ மறுக்கப்படலாகாது. தாய்மொழியில் 'மாட்டேன்' எனத் துணிந்து சொல்லக்கூடிய இடத்தில்தான் 'ஆம்' என்பதற்குப் பொருளுண்டு.

இவ்வுரிமையைத் தமிழர் தமக்காகவும் கேட்க, கோயர்க்காகவும் கேட்க!