குவார்க்குக்குத் தமிழ் தெரியாதாம்!

"இதெல்லாம் தமிழ்ல சொல்லிப் புரியவைக்க முடியாது சார். கும்மிடிப்பூண்டிப் பையனுக்கு எதுக்கு குவார்க்கு? ஐடிஐ முடிச்சோமா, சிப்காட்ல ஒரு கம்பெனியில சேர்ந்தோமா, பொழப்பைப் பார்த்தோமான்னு இருக்கணும்."

இந்த வசனம் புதிதல்ல. திருவள்ளூர் மாவட்டத்தில் தமிழ்வழியில் படித்துவிட்டு பிஎஸ்சி இயற்பியல் சேரும் பிள்ளைகள் ஏதோ ஒரு வடிவத்தில் இதைக் கேட்டுத்தான் வளர்கிறார்கள். சொல்பவர் கெட்டவர் இல்லை, பல சமயம் அக்கறையோடுதான் சொல்கிறார். ஆனால் அந்த அக்கறைக்குள் இரண்டு பொய்கள் இருக்கின்றன. ஒன்று, தமிழுக்கு அந்தத் தெம்பு இல்லை என்பது. இன்னொன்று, தொழிற்பேட்டை ஊர்ப் பிள்ளைக்கு அந்த ஆசை தேவையில்லை என்பது.

சரி, முதல் பொய்யை எடுத்துக்கொள்வோம். சொல்லவே முடியாது என்கிறார்களே, அதையே சொல்லிப் பார்த்துவிடலாம்.

புரோட்டான் குவார்க்குகளால் ஆனது. குவார்க்குகள் ஆறு வகை: மேல், கீழ், விந்தை, கவர்ச்சி, உச்சி, அடி. இந்த வகைப்பாட்டுக்கு இயற்பியலில் 'சுவை' என்று பெயர். ஒவ்வொரு குவார்க்குக்கும் மின்னூட்டம் தலைகீழான ஓர் எதிர்க்குவார்க் உண்டு. ஒரு குவார்க்கும் ஓர் எதிர்க்குவார்க்கும் ஜோடி சேர்ந்தால் அது மீசான். கீழ் குவார்க்கோடு எதிர்-அடி சேர்ந்தால் பி-மீசான். அடி குவார்க்கோடு எதிர்-கீழ் சேர்ந்தால் எதிர் பி-மீசான்.

வேடிக்கை என்னவென்றால், இவை ஒன்று மற்றொன்றாக மாறும்! குறுக்கே கட்டிய ஒரு கயிற்றில் இரண்டு ஊசல்களைத் தொங்கவிட்டு, ஒன்றை மட்டும் ஆட்டிவிடுங்கள். சற்று நேரத்தில் அது ஓய்ந்து மற்றது ஆடும். பிறகு ஆட்டம் பழையதற்கே திரும்பும். அதுபோலவே பொருளாகப் பிறந்த மீசான் எதிர்ப்பொருளாகி, மறுபடி பொருளாகிறது. இதுதான் மீசான் கலப்பு. பி-மீசானில் கீழ் குவார்க்குக்குப் பதில் விந்தை குவார்க் இருந்தால், நொடிக்குச் சுமார் 3 லட்சம் கோடி முறை என்ற வேகத்தில் இந்த ஆட்டம் நடக்கிறது. 2006இல் அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வகத்தில் இதை அளந்தார்கள்.

அடுத்தது சமச்சீர். பொருளையும் எதிர்ப்பொருளையும் இடம் மாற்றி, கூடவே கண்ணாடியில் தெரிவதுபோல இடவலத்தையும் மாற்றினால், இயற்கை விதிகள் மாறாமல் இருக்கும் என்று விஞ்ஞானிகள் நம்பினார்கள். இதற்கு 'சிபி சமச்சீர்' என்று பெயர். 1964இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் குரோனின், ஃபிட்ச் குழு கே-மீசான்களைச் சோதித்தது. ஆயிரத்துக்குச் சுமார் இரண்டு சிதைவுகள் இந்த விதியை மீறின. ஆயிரத்துக்கு வெறும் இரண்டு! அதற்கு 1980இல் நோபல் பரிசு.

இதில் என்ன இருக்கிறது? பெருவெடிப்பில் பொருளும் எதிர்ப்பொருளும் கடைசிவரை சரிக்குச் சரியாக இருந்திருந்தால், ஒன்றையொன்று அழித்துவிட்டு வெறும் ஒளிதான் மிஞ்சியிருக்கும். நூறு கோடிக்கு ஒன்று என்ற கணக்கில் பொருள் சற்றே கூடுதலாக இருந்தது. அந்த மிச்சம்தான் பழவேற்காடு ஏரி, கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயில், அதில் தொங்கிக்கொண்டு போகிற ஜனம், எல்லாமே. அந்த மிச்சம் உண்டாக வேண்டுமானால் சிபி மீறல் கட்டாயம் வேண்டும் என்று 1967இல் ரஷ்யாவின் சகாரவ் காட்டினார்.

அவ்வளவுதான். இதில் எந்த இடத்தில் தமிழ் மூச்சு வாங்கியது?

"குவார்க், மீசான் எல்லாம் தமிழா?" என்று உடனே ஒரு குறுக்குக் கேள்வி வரும். அவை ஆங்கிலமும் இல்லையே! 'குவார்க்' ஜேம்ஸ் ஜாய்ஸின் நாவல் ஒன்றிலிருந்து கெல்மன் எடுத்த விசித்திரச் சொல். 'மீசான்' கிரேக்க வேரிலிருந்து வந்தது. 'சுவை' என்ற பெயரோ, 1971இல் கெல்மனும் ஃபிரிட்ஷும் பாசடீனாவில் ஓர் ஐஸ்கிரீம் கடையைப் பார்த்ததில் தோன்றியது. ஐஸ்கிரீம் கடையிலிருந்து அவர்கள் கடன் வாங்கலாம், நாம் 'சுவை' என்று எழுதினால் மட்டும் சிரிப்பு வருமாம்! யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிரீன் என்ற அமெரிக்க மருத்துவர் 19ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து, பாடநூல்களையும் தமிழில் கொண்டுவந்தார். உடலை அறுத்துப் படிக்கப் போதுமாக இருந்த மொழி, மீசானுக்கு மட்டும் போதாதா?

இன்னொரு கூட்டமும் இருக்கிறது. ஒரே துகளுக்கு ஆளுக்கொரு தனித்தமிழ்ப் பெயர் வைத்துவிட்டு, எது சரி என்று சண்டை போடும் கூட்டம். இவர்களாலும் மாணவருக்குப் பைசா பிரயோஜனம் இல்லை. சொல் எதுவானாலும் போகட்டும், வாக்கியம் புரிய வேண்டும்.

இப்போது மாஸ்கவாவிடம் வருவோம்.

1973இல் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் கொபயாஷி, மாஸ்கவா என்ற இரண்டு இளைஞர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். அன்று தெரிந்த குவார்க்குகள் மூன்றே மூன்று. சிபி மீறலை விளக்க ஆறு குவார்க் இருந்தால் வழி பிறக்கும் என்றார்கள் இவர்கள். 1974இல் கவர்ச்சி, 1977இல் அடி, 1995இல் உச்சி என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. 2001இல் ஜப்பானின் பெல் சோதனையும் அமெரிக்காவின் பாபார் சோதனையும் பி-மீசான்களில் சிபி மீறலைக் கண்டன. 2008இல் இருவருக்கும் நோபல்.

அந்த மாஸ்கவா நாகோயாக்காரர். நாகோயா தொழிற்சாலைகள் நிறைந்த ஊர். அவருடைய குடும்பம் செய்தது சர்க்கரை வியாபாரம். ஆங்கிலம் பேச அவருக்கு வராது. நோபல் வாங்கப் போகும்வரை அவரிடம் பாஸ்போர்ட்டே கிடையாது. ஸ்டாக்ஹோமில் நோபல் உரையை ஜப்பானிய மொழியில்தான் நிகழ்த்தினார். அண்டத்தின் சமச்சீர் குறித்து யோசிக்க அவருடைய தாய்மொழி போதுமானதாக இருந்தது.

"அந்தக் கட்டுரை ஆங்கிலத்தில்தானே வந்தது?" ஆமாம், எழுதியது கொபயாஷி. உலகத்திடம் பேச ஆங்கிலம் வேண்டும், அதை யாரும் மறுக்கவில்லை. பிள்ளைகள் ஆங்கிலம் கற்கத்தான் வேண்டும். ஆனால் ஆங்கிலம் வந்த பிறகுதான் யோசிக்கவே அனுமதி என்பது வேறு சங்கதி. ஜப்பானில் ஒரு மாணவர் தன் மொழியிலேயே பாடநூல் படித்து, தன் மொழியிலேயே வாதாடி, தப்புப் போட்டுத் திருத்திக்கொண்டு, கடைசியில் ஆங்கிலத்துக்குப் போகிறார். இங்கே முதல் படியிலேயே வாயை அடைத்துவிடுகிறோம். வாயை அடைத்தால் மிஞ்சுவது மனப்பாடம்தான்.

இரண்டாவது பொய் இன்னும் மோசம். "உனக்கு எதுக்கு இது?"

இந்தக் கேள்வி எல்லோரிடமும் கேட்கப்படுவதில்லை, கவனித்தீர்களா? அரசியல் சட்டத்தை வரைந்தவர்களில் ஒருவரான அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் மகன் ராமகிருஷ்ணன், மயிலாப்பூர் வீட்டில் மாணவர்களைக் கூட்டித் துகள் இயற்பியல் பேசினார். 1960இல் நீல்ஸ் போர் அங்கே வந்து பார்த்து வியந்தார். 1962இல் கணித அறிவியல் நிறுவனம் பிறந்தது. நல்ல காரியம், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த வீட்டுப் பிள்ளையிடம் "உனக்கு எதுக்கு?" என்று எவரும் கேட்டிருப்பார்களா? கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் ஆலையில் ஷிஃப்ட் பார்ப்பவரின் மகளிடம் மட்டும்தான் கேட்கிறார்கள். ஆலை வேலை குறைவானது என்று சொல்லவில்லை. வேறு எதையும் நினைக்காதே என்று சொல்வதுதான் அநியாயம்.

"பயன் என்ன?" என்று பிடிவாதமாகக் கேட்பவருக்கு ஒரு பதில் உண்டு. புற்றுநோயைத் தேடும் பெட் ஸ்கேன் வேலை செய்வதே எதிர்ப்பொருளான பாசிட்ரானால்தான். ஆனால் இந்தப் பதிலில் ஒளிந்துகொள்ள வேண்டியதில்லை. தான் ஏன் இருக்கிறோம் என்று கேட்கும் உரிமைக்கு ரசீது காட்டத் தேவையில்லை.

அந்தக் கணித அறிவியல் நிறுவனம் இன்று தரமணியில் இருக்கிறது. பெல் சோதனையின் அடுத்த கட்டமான பெல் 2இல் சென்னை ஐஐடியும் பங்கு வகிக்கிறது. கும்மிடிப்பூண்டியில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, பறக்கும் ரயில் மாறினால் தரமணி. இரண்டே ரயில்! பூமிக்கு அந்தப் பக்கம் நடக்கும் சோதனை, தூரத்தில் இவ்வளவு கிட்டே இருக்கிறது. நடுவே நிற்பது அந்த வசனம் மட்டும்தான்.

செய்ய வேண்டியதும் பெரிதாக ஒன்றுமில்லை. துகள் இயற்பியல் தெரிந்தவர்கள் மாவட்டத்துக் கல்லூரிகளுக்கு வந்து தமிழில் பேசட்டும். பிஎஸ்சி மாணவர் கையில் பிடித்துப் படிக்கிற மாதிரி, கணக்கோடு கூடிய நூல்கள் வரட்டும். வகுப்பில் தமிழில் கேள்வி கேட்பவரைப் பார்த்துச் சிரிப்பதை நிறுத்துவோம்.

ஏனென்றால் கதை இன்னும் முடியவில்லை. 2025இல் சேர்ன் ஆய்வகத்தின் எல்எச்சிபி குழு, புரோட்டானின் உறவுத் துகளான பேரியான் ஒன்றிலும் சிபி மீறலைக் கண்டது. ஆனாலும் கொபயாஷியும் மாஸ்கவாவும் காட்டிய மீறல், பிரபஞ்சத்தில் மிஞ்சிய பொருளை விளக்கக் கொஞ்சமும் போதாது. மீதி எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஆங்கிலம் பேசுபவர்களுக்கும் தெரியாது!

விடை தெரியாத கேள்விக்கு முன்னால் எல்லா ஊரும் ஒன்றுதான். அந்த வரிசையில் கும்மிடிப்பூண்டியை மட்டும் வெளியே நிறுத்த எவருக்கும் அதிகாரம் இல்லை.