பிள்ளைங்க சோத்துக்கு காசு யார் தர்றது? மலை ஏறாத மத்திய, மாநில கணக்கு!

காவலூர்:

ஜவ்வாது மலை காவலூருக்கு உலகம் முழுக்க பேர் உண்டு. வைணு பாப்பு வானியல் ஆய்வகம் இங்கே தான் இருக்கு. 1986 ஜனவரி 6-ந்தேதி அப்போதைய பிரதமர் ராஜீவ்காந்தி இங்கு வந்து 2.34 மீட்டர் தொலைநோக்கியை திறந்து வைத்தார். கோடிக்கணக்கான மைல் தூரத்தில் இருக்கிற நட்சத்திரத்தை இந்த மலையில் இருந்து பார்க்க முடியும்.

ஆனால் அதே மலையில் குக்கிராமத்தில் இருந்து நடந்து பள்ளிக்கூடம் வருகிற பிள்ளையின் வயிறு டெல்லிக்கும் சென்னைக்கும் தெரியுதா? இது தான் கேள்வி.

ஏழைப் பிள்ளைகள் பள்ளியில் சாப்பிடும் சோத்துக்கு யார் காசு தரணும்? மத்திய அரசா, மாநில அரசா, பெத்தவங்களா, ஊர் பெரியவங்களா? நூறு வருஷமா நடக்கிற வாக்குவாதம் இது. இன்னும் முடியலை.

ஒரு அணா சாப்பாடு

கதை 1920-ல் தொடங்குது. சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர், ஆயிரம் விளக்கு மாநகராட்சி பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய சாப்பாடு போட தீர்மானம் கொண்டு வந்தார். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்று கணக்கு.

பிள்ளைகள் கூட்டம் கூடியது. ஆனால் தொடக்கக் கல்வி நிதியில் இருந்து சோத்துக்கு செலவு செய்யக் கூடாது என்று வெள்ளைக்கார அரசு கைவிரித்தது. 1925-ல் சாப்பாடு நின்றது. பாடம் சொல்ல காசு உண்டு, பசிக்கு காசு இல்லை என்பது தான் அன்றைய நியாயம்.

அப்புறம் 1956-ல் காமராஜர். எட்டயபுரத்தில் மதிய உணவு திட்டத்தை தொடங்கி வைத்தார். பொதுக்கல்வி இயக்குநர் என்.டி.சுந்தரவடிவேலு அதற்காக ஊர் ஊராக அலைந்தார். அரசு 60 சதவீதம் போட, மீதியை ஊர் மக்களும் உள்ளாட்சியும் சேர்த்துப் போட வேண்டும் என்பது ஏற்பாடு. அரிசி, விறகு, காய்கறி என்று ஊரே அள்ளிக் கொடுத்தது. 1961-ல் இருந்து 'கேர்' என்ற அமெரிக்க அமைப்பும் உணவுப்பொருள் கொடுத்தது.

நல்ல ஏற்பாடு தான். ஆனால் ஒரு ஓட்டை இருந்தது. நெல் விளையிற ஊரில் நன்கொடை வரும். சாமையும் தினையும் விதைச்சிட்டு மழைக்கு வானம் பார்க்கிற மலையில் யார் கொடுப்பது? ஊரே ஏழை என்றால் ஊர்ப் பங்கு எங்கிருந்து வரும்? பசி அதிகமா இருக்கிற இடத்தில் தான் நன்கொடை குறைச்சலா இருக்கும். தர்மத்தை நம்பி அடுப்பு மூட்டினால் இது தான் சிக்கல்.

எம்.ஜி.ஆர். போட்ட கணக்கு

1982 ஜூலை 1-ந்தேதி. திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவு திட்டத்தை தொடங்கினார். நன்கொடை வந்தால் தான் சோறு என்ற நிலை போய், முழு பொறுப்பையும் அரசு எடுத்துக் கொண்டது. இவ்வளவு பணத்துக்கு எங்கே போறது, சோறு போட்டா வளர்ச்சிப் பணி என்ன ஆகும் என்று அப்போது கேட்டவங்க நிறைய.

ஆனால் பின்னால் வந்த எந்த ஆட்சியும் அந்த அடுப்பை அணைக்கவில்லை. 1989-ல் கருணாநிதி ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை வந்தது. 2010-ல் வாரத்துக்கு 5 முட்டை ஆனது. 2013-ல் ஜெயலலிதா ஆட்சியில் கலவை சாதம் அறிமுகம் ஆனது. கட்சிக்கு கட்சி ஆயிரம் சண்டை இருந்தாலும் பிள்ளைங்க தட்டில் மட்டும் போட்டி போட்டு கூட்டினாங்க, குறைக்கலை.

நாடு முழுவதும் சமைத்த உணவு கட்டாயம் என்று சுப்ரீம் கோர்ட்டு உத்தரவு போட்டது 2001 நவம்பர் 28-ந்தேதி. தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். சத்துணவு தொடங்கி 19 வருஷம் கழித்து!

6 ரூபாய் 78 காசு

இப்போது கணக்குக்கு வருவோம். 2021-ல் 'பி.எம். போஷன்' என்று பேர் மாறிய மதிய உணவு திட்டத்தில், அரிசியை மத்திய அரசு இலவசமா தருது. 5-ம் வகுப்பு வரை ஒரு பிள்ளைக்கு நாளுக்கு 100 கிராம். 6 முதல் 8 வரை 150 கிராம்.

பருப்பு, காய்கறி, எண்ணெய், கேஸ் இதுக்கெல்லாம் ஒரு தொகை. 2025 மே 1 முதல் தொடக்கப் பள்ளி பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 6 ரூபாய் 78 காசு. 6 முதல் 8-ம் வகுப்பு வரை 10 ரூபாய் 17 காசு. இதில் மத்திய அரசு பங்கு 60, மாநிலத்துக்கு 40. அதாவது 6.78-ல் டெல்லி தருவது 4 ரூபாய் 7 காசு. சென்னை தர வேண்டியது 2 ரூபாய் 71 காசு.

இந்தக் காசுக்கு டீக்கடையில் ஒரு டீ கூட கிடைக்காது. அரிசி போக, சாம்பாரும் காயும் இதுக்குள்ள அடங்கணும்.

வருஷத்துக்கு 220 நாள் பள்ளி என்று வைத்தால், ஒரு தொடக்கப் பள்ளி பிள்ளைக்கு இந்தத் தொகை மொத்தம் சுமார் 1,492 ரூபாய். மத்திய பங்கு சுமார் 895 ரூபாய். மாநில பங்கு சுமார் 597 ரூபாய். இதுக்கு மேல் வாரம் 5 முட்டை, 9, 10-ம் வகுப்பு பிள்ளைகளின் சாப்பாடு எல்லாம் மாநிலத்தோட தலையில். ஏன்னா மத்திய திட்டம் 8-ம் வகுப்போடு நின்று விடுது.

இமயமலைக்கு 90, ஜவ்வாதுக்கு 60

இங்கே தான் மலை மக்கள் கவனிக்க வேண்டிய சங்கதி இருக்கு. வடகிழக்கு மாநிலங்களுக்கும் இமயமலை மாநிலங்களுக்கும் மத்திய அரசு 90 சதவீதம் தருது. மாநிலம் போடுவது 10 தான். மலைப்பகுதி, செலவு அதிகம் என்பது காரணம். நியாயமான காரணம்.

அப்படின்னா ஜவ்வாது மலை மட்டும் சமவெளியா? வாணியம்பாடி, ஆலங்காயத்தில் இருந்து காய்கறியும் கேஸ் சிலிண்டரும் வளைவு வளைவா மலை ஏறி தான் வரணும். மழை பெய்து ரோட்டில் மரம் விழுந்தால் அன்றைக்கு காய் கிடையாது. ஆனால் கணக்கில் கீழே இருக்கிற பள்ளிக்கும் மேலே இருக்கிற பள்ளிக்கும் ஒரே ரேட். மாநிலத்தை வைத்து பங்கு பிரிப்பதால், பணக்கார மாநிலத்தின் ஏழை மலை யார் கண்ணிலும் படுவதில்லை.

பெத்தவங்க கொடுத்தா என்ன?

"பெத்தவங்க தானே சோறு போடணும், அரசாங்கம் ஏன் போடணும்?" என்று கேட்கிறவங்க இன்றும் உண்டு. "எல்லாம் டாஸ்மாக் காசு" என்று ஒரு நக்கலும் உண்டு.

டாஸ்மாக் காசு என்றே வைத்துக் கொள்வோம். அந்தக் காசு யார் பாக்கெட்டில் இருந்து போனது? இதே கூலிக்காரன் பாக்கெட்டில் இருந்து தான். சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் வரி கட்டுகிறவனும் அவன் தான். ஆகவே இது யாரோ போடும் பிச்சை இல்லை. அவன் கொடுத்த பணத்தில் ஒரு பங்கு அவன் பிள்ளை தட்டுக்கு சோறா திரும்பி வருது.

அடுத்து, ஜவ்வாது மலையில் மலையாளி பழங்குடி மக்கள் தான் அதிகம். மானாவாரி விவசாயம் கைவிட்டால் கர்நாடகா காபி தோட்டத்துக்கும் கேரளாவுக்கும் வேலைக்கு போறாங்க. சிலர் ஏஜெண்டுகள் பேச்சை நம்பி ஆந்திரா காட்டுக்கு மரம் வெட்டப் போய் மாட்டிக் கொண்டார்கள். 2015 ஏப்ரல் 7-ந்தேதி சேஷாசலம் காட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 20 தமிழர்கள் செத்தார்கள். அதில் ஜவ்வாது மலைக்காரர்களும் உண்டு.

அப்பா, அம்மா மாதக் கணக்கில் ஊரில் இல்லை. பிள்ளை பாட்டியோட இருக்கு. அந்தப் பிள்ளையிடம் "சாப்பாட்டுக்கு காசு கொண்டு வா" என்று சொன்னால் என்ன ஆகும்? காசு வராது. பிள்ளையும் வராது.

ஏழைக்கு மட்டும் கொடுக்கலாமா?

சரி, ஏழை என்று சர்டிபிகேட் காட்டினால் மட்டும் சோறு போடலாமே என்பார்கள். அமெரிக்காவில் வருமானம் பார்த்து சோறு போட்ட கதை நமக்கு பாடம். காசு கட்டாத பிள்ளைகள் பேரில் கடன் எழுதி, சாப்பாட்டு வரிசையிலேயே அவமானப்படுத்தினார்கள் என்று பெரிய சர்ச்சை ஆனது. கடைசியில் கலிபோர்னியா 2022-லும் மினசோட்டா 2023-லும் எல்லா பிள்ளைகளுக்கும் இலவசம் என்று மாற்றி விட்டன. பின்லாந்து 1948-லேயே இதைச் செய்து விட்டது.

நம்ம ஊரில் ஒரே பந்தியில் எல்லா சாதிப் பிள்ளையும் உட்கார்ந்து சாப்பிடுவது தான் சத்துணவின் பெரிய சாதனை. அதைக் கெடுக்கக் கூடாது. மேலும், சாதிச் சான்றிதழுக்கே தாலுகா ஆபீசுக்கு நடையா நடக்கிற ஜனம், வருமானச் சான்றிதழுக்கும் நடக்கணுமா?

காலை சாப்பாடு

2022 செப்டம்பர் 15-ந்தேதி மதுரையில் முதலமைச்சராக இருந்த மு.க.ஸ்டாலின் காலை உணவு திட்டத்தை தொடங்கினார். முதல் கட்டத்தில் 1,545 பள்ளிகள். அதில் 237 மலைப்பகுதி பள்ளிகள். 2023-ல் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும், 2024, 2025-ல் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் விரிந்தது. இது முழுக்க மாநிலத்தோட காசு.

பலன் தெரிஞ்சது. 1,543 பள்ளிகளை பார்த்த மாநில திட்டக்குழு ஆய்வில் 1,319 பள்ளிகளில் வருகை கூடியிருந்தது. பள்ளியில் சாப்பிட்டு வளர்ந்த பெண்களுக்கு பிறக்கும் பிள்ளைகளிடம் வளர்ச்சிக் குறைவு கம்மி என்று 2021-ல் வெளியான இந்திய ஆய்வு ஒன்றும் சொல்லுது. இன்றைக்கு போடும் சோறு பேரப்பிள்ளை காலத்துக்கும் சேர்ந்து பேசும்.

ஆனால் 2025 விரிவாக்கம் வரைக்கும் காலை உணவு 5-ம் வகுப்போடு முடிந்தது. 6-ம் வகுப்புக்கு போன பிள்ளைக்கு பசி குறையுமா? மலையில் பெரிய பள்ளிக்கு போகணும்னா நடை தான் கூடும். பிளஸ்-1, பிளஸ்-2 பிள்ளைகளை சத்துணவிலும் சேர்க்காமலே விட்டிருக்காங்க. வயசுக்கு வந்த பெண் பிள்ளைக்கு இரும்புச் சத்து அதிகம் வேண்டிய நேரத்தில் தட்டு பறிபோகுது.

கண்ணுக்கு தெரியாத கை

யார் காசு தர்றாங்க என்ற கேள்விக்கு யாரும் சொல்லாத ஒரு பதில் இருக்கு. சமைக்கிற பெண்கள்! மத்திய திட்டத்தில் சமையலருக்கு மாத மதிப்பூதியம் 1,000 ரூபாய் என்று 2009-ல் வைத்தார்கள். அதுவும் வருஷத்தில் 10 மாதம் தான். பிறகு விலைவாசி எங்கேயோ போனது. இந்த தொகை நகரவே இல்லை. தமிழ்நாட்டில் 2024 டிசம்பரில் 8,997 சமையல் உதவியாளர் இடங்களை நிரப்ப உத்தரவு வந்தது. தொகுப்பூதியம் 3,000 ரூபாய். ஒரு நாளைக்கு 100 ரூபாய்!

புகையில் நின்று நூறு பிள்ளைக்கு வடிக்கிற கைக்கு இது தான் கூலி என்றால், சத்துணவுக்கு பெரிய நன்கொடையாளர் அந்த அம்மா தான்.

என்ன செய்யலாம்?

நன்கொடை வேண்டாம் என்று சொல்லலை. பிறந்த நாளுக்கு வடை, பாயசம் போடுங்கள், புண்ணியம். ஆனால் தினமும் எரிய வேண்டிய அடுப்புக்கு அரசு காசு தான் விறகு. அதில் சில திருத்தம் வேணும்.

* மலைப் பள்ளிகளுக்கு தனி ரேட் வேண்டும். மாநிலத்தைப் பார்க்காமல் மலையைப் பார்த்து மத்திய அரசு 90 சதவீதம் தரலாம்.

* 8-ம் வகுப்பு என்ற கோட்டை அழித்து, பிளஸ்-2 வரை மத்திய பங்கு வரணும்.

* காலை உணவு முதல் கட்டமாக மலைப்பகுதியில் மட்டுமாவது 6 முதல் 10-ம் வகுப்பு வரை கிடைக்கணும்.

* சமையலர் சம்பளத்தை விலைவாசியோடு சேர்த்து ஏற்றணும்.

* ஜவ்வாது சாமையை இங்கேயே வாங்கி வாரம் ஒரு நாள் பொங்கலா போடலாம். காசு கீழே போகாமல் மலையிலேயே சுற்றும். பிள்ளை தட்டும் நிறையும், அப்பன் நிலத்துக்கும் விலை கிடைக்கும்.

1925-ல் வெள்ளைக்காரன் காசு இல்லை என்று அடுப்பை அணைத்தான். இன்றைக்கு அடுப்பு எரியுது, சந்தோஷம். ஆனால் 6 ரூபாய் 78 காசில் நின்று கொண்டு, மீதிக்கு மாநிலமும் சமையல்கார அம்மாவும் பார்த்துக் கொள்ளட்டும் என்று டெல்லி கைகழுவினால் அது நியாயமா?

தொலைநோக்கி வைத்து வானத்தைப் பார்க்க மலை ஏறி வந்த அரசு, அதே மலையில் பிள்ளை தட்டையும் ஒரு தடவை எட்டிப் பார்க்குமா?