இடது காலுக்குச் சுதந்திரம்

"கிளச்சை மிதித்துக் கியர் போடத் தெரியாதவன், மோட்டார் ஓட்டுகிறேன் என்று சொல்லிக்கொள்ளலாமா?" என்று கேட்கும் பெரியவர்கள் நமது பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வரையில் எந்தத் தேநீர்க் கடையில் உட்கார்ந்தாலும் இந்த விவாதத்தைக் கேட்கலாம். ஒரு கட்சியார், "வண்டியே கியர் மாற்றிக்கொள்ளுமானால் அப்புறம் மனிதன் எதற்கு?" என்பார்கள். மறு கட்சியார், "மாவு அரைக்க யந்திரம் வந்துவிட்டது, துணி துவைக்க யந்திரம் வந்துவிட்டது, கியர் போடுவதற்கு மட்டும் வரக்கூடாதா?" என்பார்கள். இரு கட்சியாரும் கேட்க மறந்துவிடும் கேள்வி ஒன்று உண்டு. அந்த யந்திரத்துக்குள் நடப்பது என்ன? அது மக்கர் செய்தால் நம் ஊரில் பிரித்துப் பார்க்க யார் இருக்கிறார்கள்? இந்த வாரம் அதைப் பற்றிச் சிறிது யோசிப்போம்.

முதலில், கியர் என்பது எதற்காக? குண்டாற்று மணலில் பாரவண்டி இறங்கி ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். கரையேறும்போது மாடுகள் மெல்ல நடக்கின்றன. ஆனால் உடம்பின் பலம் முழுவதையும் நுகத்துக்குக் கொடுக்கின்றன. சமதரைச் சாலைக்கு வந்ததும் அதே மாடுகள் அதிகம் சிரமப்படாமல் ஓட்டமாக ஓடுகின்றன. நின்ற இடத்திலிருந்தே முழுப் பலத்துடன் இழுக்கும் வித்தை மாட்டுக்குப் பிறவியிலேயே வந்தது. பெட்ரோல் எஞ்சினுக்கோ அந்தச் சாமர்த்தியம் கிடையாது. நிமிஷத்துக்குப் பல நூறு தடவை சுழன்றுகொண்டிருந்தால்தான் அதற்கு உயிர் நிற்கும். மெதுவாகச் சுழலும்போது பலம் போதாது. நிறுத்திப் பிடித்தாலோ அணைந்தே போய்விடும். ஆகையால் எஞ்சினுக்கும் சக்கரங்களுக்கும் நடுவே ஒரு தரகர் தேவைப்படுகிறார். எஞ்சினின் வேகத்தை வாங்கிக்கொண்டு, சமயத்துக்குத் தகுந்தபடி அதைப் பலமாகவோ வேகமாகவோ மாற்றிக் கொடுப்பவர் அவர். அவர்தான் கியர் பெட்டி. கியர் மாறும் கண நேரத்தில் எஞ்சினுக்கும் பெட்டிக்கும் உள்ள உறவைப் பிரித்துவிட்டு, மறுபடியும் சேர்த்து வைப்பது கிளச்சு.

இவ்விரண்டையும் ஆளுவது லேசான காரியமல்ல. அருப்புக்கோட்டையில் குழித்தறியின் முன் உட்கார்ந்திருக்கும் நெசவாளரைப் பாருங்கள். கால் மிதியை அமுக்குகிறது. கை நாடாவை ஓட்டுகிறது. கண் இழையை விட்டு அகலுவதில்லை. மூன்றும் ஒரே தாளத்தில் சேர்ந்தால்தான் புடவை உருவாகும். மோட்டார் ஓட்டுவதும் அத்தகைய தாள வித்தையே. இடது கால் கிளச்சை அமுக்க வேண்டும். வலது கால் ஆக்ஸிலரேட்டரைத் தளர்த்த வேண்டும். இடது கை கியரைத் தள்ள வேண்டும். பிறகு கால்கள் இரண்டும் எதிரும் புதிருமாக இயங்க வேண்டும். தாளம் தப்பினால் வண்டி தவளையைப் போல் தாவும், எஞ்சின் அணையும், பின்னால் வரும் லாரிக்காரரின் ஹார்ன் நமது பரம்பரையையே விசாரிக்க ஆரம்பித்துவிடும்.

இந்தத் தாளத்தை யந்திரத்துக்குக் கற்பிக்க மேல்நாட்டார் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1904-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் ஸ்டர்டிவன்ட் சகோதரர்கள் ஒரு முயற்சி செய்தார்கள். வேகம் கூடும்போது வெளிப்புறமாக விரியும் எடைகளைக் கொண்டு கியரைத் தானே மாற்றவைக்கப் பார்த்தார்கள். அந்த எடைகள் உடைந்து போனதால் முயற்சி நிலைக்கவில்லை. வெற்றிக்கு வழி வேறு இரண்டு திசைகளிலிருந்து வந்தது.

ஒன்று, ஜெர்மனியில் ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற பொறியியலார் கப்பல்களுக்காக 1905-ல் கண்ட உபாயம். இரண்டு மேஜை மின்விசிறிகளை எதிரெதிரே வையுங்கள். ஒன்றை மட்டும் சுழலவிடுங்கள். அதன் காற்று வீசி மற்றதும் மெல்லச் சுழலத் தொடங்கும். காற்றுக்குப் பதில் எண்ணெயையும், விசிறிகளுக்குப் பதில் உள்ளே தகடுகள் வைத்த இரண்டு கிண்ணங்களையும் நினைத்துக்கொண்டால் ஃபோட்டிங்கரின் தத்துவம் விளங்கிவிடும். வண்டி நிற்கும்போது எண்ணெய் வழுக்கிக்கொண்டிருக்கும், எஞ்சின் அணையாது. கிளச்சை மிதிக்க ஒரு காலும் தேவையில்லை.

மற்றொன்று, கிரகச் சக்கரம். நடுவே சூரியனைப் போல் ஒரு பல்சக்கரம். அதைச் சுற்றிக் கிரகங்களைப் போலச் சில சிறு சக்கரங்கள். அவற்றை வளைத்து, உட்புறம் பல் வெட்டிய ஒரு வளையம். இவற்றுள் எதைப் பிடித்து நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்து வேகமும் பலமும் மாறுகின்றன. 1908-ல் வந்த ஃபோர்டு ‘டி’ மாடல் வண்டியிலேயே இத்தகைய சக்கரங்கள் இருந்தன. ஆனால் பிடித்து நிறுத்தும் வேலை ஓட்டுபவரின் காலுக்கே விடப்பட்டிருந்தது.

எண்ணெய்க் கிண்ணங்களையும் கிரகச் சக்கரங்களையும் இணைத்து, ஓட்டுபவரின் இடது காலுக்கு முதன் முதலாக முழு விடுதலை அளித்தது ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி. அங்கே ஏர்ல் தாம்ஸன் என்பவரின் தலைமையில் உருவான ‘ஹைட்ரா-மாட்டிக்’ என்ற யந்திரம் 1939-ல் வெளிவந்து, 1940-ஆம் வருஷத்து ஓல்ட்ஸ்மொபீல் வண்டிகளில் பொருத்தப்பட்டது. எந்தக் கியர் வேண்டும் என்று அது எப்படித் தீர்மானித்தது? மின்சார மூளை ஏதும் அதற்கு இல்லை. ஒரு தராசைப் போன்ற வால்வுதான் இருந்தது. வண்டியின் வேகம் கூடக் கூட ஒரு பக்கத்தில் எண்ணெயின் அழுத்தம் கூடும். ஆக்ஸிலரேட்டரை அமுக்க அமுக்க மறு பக்கத்தில் எதிர்ப்பு கூடும். வேகம் வென்றால் மேல் கியர். ஓட்டுபவரின் பாதம் வென்றால் கீழ்க் கியர். நல்ல வியாபாரியின் தராசு போல் அது ஓயாமல் நிறுத்துக்கொண்டேயிருந்தது.

இரண்டாவது உலக யுத்தத்தில் அதே யந்திரம் அமெரிக்க டாங்கிகளிலும் ஏறியது. யுத்தம் முடிந்தபின், 1948-ல் வந்த பியூக் ‘டைனாஃப்ளோ’வில் இரண்டு கிண்ணங்களுக்கும் நடுவே இன்னொரு தகட்டுச் சக்கரமும் சேர்ந்தது. திரும்பி வரும் எண்ணெயை அது வளைத்துவிட்டு, இழுக்கும் பலத்தையே பெருக்கிக் கொடுத்தது. பிற்பாடு உலகெங்கும் பரவிய தானியங்கி வண்டிகளில் பெரும்பாலானவை இந்த வமிசத்தைச் சேர்ந்தவையே.

ஆயினும் நமது தேசத்தில் இந்த வமிசம் வெகுகாலம் வேரூன்றவில்லை. எண்ணெய் வழுக்கும்போதெல்லாம் பெட்ரோலின் சக்தி சூடாக மாறி வீணாகும். யந்திரமோ சிக்கலானது, விலையும் அதிகம். ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று விசாரித்துவிட்டே வண்டியின் நிறத்தைப் பார்க்கும் நமது குடும்பங்களுக்கு இது எப்படிக் கட்டுபடியாகும்? சில தானியங்கி வண்டிகள் முன்பும் விற்கப்பட்டன என்பது வாஸ்தவம். அவற்றை வாங்கியவர்கள் சிலரே.

இந்த நிலையை மாற்றியது ஓர் எளிய யோசனை. பழைய கியர் பெட்டி அப்படியே இருக்கட்டும். பழைய கிளச்சும் இருக்கட்டும். அவற்றை இயக்கும் காலுக்கும் கைக்கும் பதிலாக இரண்டு யந்திரக் கைகளை மேலே பொருத்திவிட்டால் என்ன? எப்போது மாற்றுவது என்பதை ஒரு சிறு கம்ப்யூட்டர் சொல்லட்டும். இதற்கே இப்போது ஏ.எம்.டி. என்று பெயர். இந்த யோசனையின் பூர்வோத்தரம் வேடிக்கையானது. 1989-ல் பிரேஸில் தேசத்துப் பந்தயத்தில் நைஜல் மான்ஸெல் ஓட்டி வெற்றி பெற்ற ஃபெராரி வண்டியில் கிளச்சை மிதித்துக் கியர் மாற்றும் வேலை இல்லை. ஸ்டியரிங் சக்கரத்தின் பின்னால் இருந்த நெம்புகோலை விரலால் இழுத்தால் போதும். அந்த வண்டியின் மின்னணு வேலையில் பங்குகொண்ட இத்தாலியக் கம்பெனி மாக்னெட்டி மாரெல்லி. அதே கம்பெனியின் சாதனத்துடன்தான் 2014 பிப்ரவரியில் மாருதி செலேரியோ இந்தியாவில் வெளிவந்தது. பந்தயக் குதிரைக்குச் செய்த சேணம் ஜட்கா வண்டிக் குதிரைக்கும் பொருந்திவிட்டது! கையால் கியர் போடும் வண்டியைவிட அதன் விலை அப்போது ஏறக்குறைய 40,000 ரூபாய்தான் அதிகமாக இருந்தது.

இதற்குப் பிறகு கதை தமிழ்நாட்டுக்கு வருகிறது. மழை பொய்த்த வருஷங்களில் நமது மானாவாரிச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடி வடக்கே போன பிள்ளைகள் பலர், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறார்கள். அந்த ஒரகடத்தில்தான் ரெனோ கம்பெனியின் குவிட் வண்டி உற்பத்தியாயிற்று. பிரெஞ்சுப் பொறியியலார் ஜெரார் டெட்டூர்பே சென்னையிலிருந்துகொண்டு அதன் அமைப்புக்குத் தலைமை வகித்தார். 2015-ல் வெளிவந்த அவ்வண்டிக்கு 2016-ல் ஏ.எம்.டி.யும் வந்தது. கியர்த் தண்டுக்குப் பதில், வானொலிப் பெட்டியின் திருகு போன்ற ஒரு குமிழ் முன்பலகையில் இருந்தது. 2018 அக்டோபரில் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வெளிவந்த புதிய சான்ட்ரோவில் ஹூண்டாய் கம்பெனி தானே ஆக்கிய ஏ.எம்.டி. இருந்தது.

குறைகளையும் சொல்லிவிடுவோம். கியர் மாறும் கணத்தில் ஏ.எம்.டி. வண்டியின் இழுப்பு சற்றே அறுபடும். உள்ளே இருப்பவர்கள் கச்சேரியில் அமர்ந்த ரசிகர்களைப் போலத் தலையசைப்பார்கள். ஏற்றத்தில் நிற்கும்போது ஆக்ஸிலரேட்டரை லேசாக அமுக்கியே வண்டியைப் பிடித்து வைக்கும் பழக்கம் கிளச்சைக் கருக்கிவிடும். பிரேக்கைத்தான் போட வேண்டும். எண்ணெய்க் கிண்ண வண்டிகளில் உள்ள ‘பி’ என்னும் நிறுத்தப் பூட்டு பெரும்பாலான ஏ.எம்.டி. வண்டிகளில் இல்லை, ஆகவே கைப் பிரேக்கை மறக்கலாகாது. எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. பாட்டரி தீர்ந்து போனால், நாலு பேரைக் கூப்பிட்டு, "தள்ளு, தள்ளு" என்று தள்ளிக் கிளப்பும் நமது புராதன வழக்கம் இவ்வண்டிகளிடம் செல்லாது.

இவ்வளவுக்கும் ஈடாகக் கிடைப்பது என்ன? நமது பள்ளிக்கூடத்தில் கணக்குப் போதிக்கும் நண்பர் ஒருவருக்குச் சிறு வயதில் இளம்பிள்ளை வாதம் கண்டு இடது கால் பலமிழந்தது. பல வருஷங்கள் பஸ் படிக்கட்டோடு போராடியே வேலைக்கு வந்தார். சில வருஷங்களுக்கு முன் ஏ.எம்.டி. வண்டி வாங்கினார். இப்போது அவர் தம் தாயாரை ஆஸ்பத்திரிக்குத் தாமே அழைத்துச் செல்கிறார். அமாவாசைக்குத் திருமேனிநாதர் கோயிலுக்கும் அழைத்துச் செல்கிறார். காந்தியடிகள் 1924-ல் யந்திரங்களைப் பற்றிப் பேசும்போது தையல் யந்திரத்துக்கு விலக்கு அளித்தார். மனைவியின் சிரமத்தைக் குறைக்க வேண்டும் என்ற அன்பில் பிறந்தது அது என்பது அவர் கருத்து. நமது நண்பரின் வண்டியும் அந்த விலக்குக்கு உரியதென்றே நமக்குத் தோன்றுகிறது.

ஆனால் சென்ற ஆடி மாதத்தில் நடந்ததையும் கேளுங்கள். காரியாபட்டிக்கு அருகே அவருடைய வண்டி நின்றுவிட்டது. எஞ்சின் ஓடுகிறது, கியர் விழவில்லை. நாற்பது வருஷ அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவர் வந்து குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "சார், இந்தப் பெட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சேர்ப்பேன். மேலே உட்கார்ந்திருக்கிற இந்தக் கையைத்தான் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை" என்றார். வண்டி லாரியில் ஏறி மதுரைக்குப் போயிற்று. அங்கே கண்டுபிடித்த பழுது, ஒரு கம்பி இணைப்பில் ஏறியிருந்த கரிசல் புழுதி! அதைத் துடைத்த கூலியைப் போலப் பல மடங்கு லாரி வாடகை.

அந்த மெக்கானிக்கிடம் கைத்திறனும் இருந்தது. பெட்டியைப் பற்றிய ஞானமும் இருந்தது. குறைந்தது ஒரு சிறு கருவியும், சில வாரப் பாடமும்தான். இவ்வித யந்திரம் பழைய பெட்டியின் மேலேயே அமைந்திருப்பதால், அவரைப் போன்றவர்கள் கற்க வேண்டிய புதுப் பாடம் மிகக் குறைவு. அதைக் கற்பிப்பார் இல்லாமையால், காலுக்குக் கிடைத்த சுதந்திரத்தை மதுரைச் சாலையில் அடகு வைக்க வேண்டியிருக்கிறது.

"இனி எல்லாம் மின்சார வண்டியாகிவிடும், கியரே இராது" என்று சிலர் சமாதானம் சொல்லலாம். மின்சார மோட்டார், நமது மாடுகளைப் போலவே, நின்ற இடத்திலிருந்து முழுப் பலத்துடன் இழுக்கும். பெரும்பாலும் ஒரே பல்சக்கர அமைப்பு அதற்குப் போதும். தூத்துக்குடியில் வியத்நாமின் வின்ஃபாஸ்ட் கம்பெனி 2025 ஆகஸ்டில் மின்சார வண்டித் தொழிற்சாலையைத் திறந்திருக்கிறது. அங்கிருந்து மதுரைக்கு வரும் நெடுஞ்சாலை நமது அருப்புக்கோட்டை வழியேதான் வருகிறது. ஆனால் அவ்வண்டிகளுக்கும் கம்பி இணைப்புகள் உண்டு. கரிசல் புழுதி அவற்றையும் விடப்போவதில்லை. இன்று ஏ.எம்.டி.யின் கையைப் பழுதுபார்க்கக் கற்றவர், நாளை அவற்றைக் கண்டு மிரள மாட்டார்.

ஆகவே நமது கோரிக்கை ஒன்றே. நம் வட்டாரத்துத் தொழிற்பயிற்சி நிலையங்கள் ஒவ்வொன்றிலும், பக்கவாட்டில் அறுத்துத் திறந்த ஏ.எம்.டி. பெட்டி ஒன்றை மேஜைமேல் வைக்கட்டும். பழுதைக் கேட்டறியும் கருவி ஒன்றைப் பக்கத்தில் வைக்கட்டும். பகலில் மாணவர்கள் படிக்கட்டும். மாலையில் சாலையோரத்துப் பட்டறைக்காரர்களுக்கும் கதவு திறந்திருக்கட்டும்.