வண்டூர்ல படகு நின்னா சண்டை போடாதீங்க

டிசம்பர் லீவுக்குக் குடும்பத்தோட அந்தமான் கிளம்பும் மக்களுக்கு ஒரு வார்த்தை. வண்டூர் ஜெட்டியில "காத்து சரியில்ல, இன்னிக்கு ஜாலி பாய் படகு கிடையாது"ன்னு சொன்னா மல்லுக்கு நிக்காதீங்க. நான் நின்னேன். காசு கட்டியாச்சு, வெயில் அடிக்குது, என்ன பெரிய காத்துன்னு கத்தினேன். பக்கத்துல என் பொண்ணு தலையைக் குனிஞ்சுகிட்டா. இன்னும் உறுத்துது.

நம்ம பசங்க ஸ்கூல் லீவும் வங்கக்கடல் புயல் சீசனும் ஒண்ணா வருது. 2013 நவம்பர் 25-ல் லெஹர் புயல் போர்ட் பிளேர் பக்கமாத்தான் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) கடந்து போச்சு. 2016 டிசம்பரில் ஹேவ்லாக், நீல் தீவுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் மாட்டிக்கிட்டாங்க. கடற்படைக் கப்பல்கள் போய் மீட்டன. அதே காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்தான் வர்தா புயலாகி டிசம்பர் 12-ல் சென்னை மரங்களைச் சாய்ச்சது.

வெயிலை நம்பக்கூடாது. புயல் எங்கேயோ தூரத்தில் இருக்கும்போதே அலை முன்னாடி வந்துடும். காத்து வேகம் ரெண்டு மடங்கானா அது தள்ளுற விசை நாலு மடங்கு. தகரக் கூரை பிய்ச்சுக்கிட்டுப் பறக்கிறது அதனாலதான். தென்னை, கரண்ட் கம்பம் பக்கம் ஒதுங்காம, ஜன்னல் இல்லாத உள் அறையில இருங்க. திடீர்னு காத்து நின்னா அது புயலோட கண்ணா இருக்கலாம். கொஞ்ச நேரத்துல எதிர்த்திசையிலிருந்து மறுபடி அடிக்கும். போட்டோ எடுக்கவெல்லாம் வெளியே வந்துடாதீங்க.

பொண்ணு இந்த வருஷமும் வண்டூர் போகணும்ங்கிறா. திரும்பும் ஃப்ளைட்டுக்கு முன்னாடி ரெண்டு நாள் சும்மா விட்டு டிக்கெட் போட்டிருக்கேன்.